அசுவத்தாமன் இன்னும் அலைகிறானா? சிரஞ்சீவிகள் பற்றி ஒரு பதில்

மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். மகாபாரதத்தில் துரோணரின் மகனான அசுவத்தாமன் இன்றைக்கும் நெற்றிப் புண்ணோடு அலைகிறானா, ஏழு சிரஞ்சீவிகளும் இப்போது எங்கே இருக்கிறார்கள், கலியுகம் முடிந்தால் அவர்கள் கதி என்ன. ஆனால் கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்: "சாகாவரம் நல்லவர்களுக்குத்தானே கிடைக்க வேண்டும், தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளைக் கொன்றவனுக்கு எப்படி?" என்று. உங்களை உறுத்துவது இந்த வரிதான் என்று படுகிறது, அதனால் அதை மனதில் வைத்தே எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன். கல்லூரியில் சமஸ்கிருதம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். இதிகாச புராணங்களை மூலத்தில் வரிவரியாக வாசித்த பழக்கம் உண்டு. நூலில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதை உறுதியாகச் சொல்ல முடியும். இன்றைக்கு யார் யாரை எங்கே பார்த்தார்கள் என்பது என் படிப்புக்கு வெளியே.

முதலில் அந்தச் சொல். 'சிரம்' என்றால் நெடுங்காலம் (தலையைக் குறிக்கும் சிரம் வேறு சொல்). சிரஞ்சீவி என்றால் நெடுங்காலம் வாழ்கிறவர். சாகவே சாகாதவர் என்ற பொருள் அந்தச் சொல்லுக்குள் இல்லை. வீட்டில் பழைய கல்யாணப் பத்திரிகை இருந்தால் எடுத்துப் பாருங்கள், மாப்பிள்ளை பெயருக்கு முன்னால் 'சிரஞ்சீவி' என்றோ வெறும் 'சி.' என்றோ போட்டிருக்கும். என் தாத்தா என் அண்ணனுக்கு எழுதிய ஒவ்வொரு கார்டும் அந்தச் சொல்லில்தான் தொடங்கும். நீண்ட நாள் இருக்கட்டும் என்ற ஆசீர்வாதம் அது. சரி, தேவர்களை 'அமரர்' என்கிறோமே, அவர்களாவது சாகாதவர்களா என்றால் அதுவும் இல்லை. விஷ்ணு புராணம் இதை ஒரே வரியில் சொல்லிவிடுகிறது: 'ஆபூதஸம்ப்லவம் ஸ்தானம் அம்ருதத்வம் ஹி பாஷ்யதே'. உயிர்களெல்லாம் ஒடுங்கும் பிரளயம் வரை நிலைத்திருப்பதற்குத்தான் அமரத்துவம் என்று பெயர். இந்திரனே மன்வந்தரத்துக்கு மன்வந்தரம் (ஒரு மனுவின் காலம்) மாறுகிற பதவிதான். ஆகவே 'மரணமே இல்லாதவர்கள்' என்ற எண்ணத்தை முதலில் இறக்கி வைத்துவிட்டால் மீதி எல்லாம் எளிதாகப் புரியும்.

ஏழு பேர் என்ற கணக்கு நீங்கள் கேள்விப்பட்டிருக்கும் சுலோகத்திலிருந்து வருகிறது: 'அச்வத்தாமா பலிர் வ்யாஸோ ஹநூமாம்ச்ச விபீஷண: க்ருப: பரசுராமச்ச ஸப்தைதே சிரஜீவின:'. அடுத்த சுலோகம் மார்க்கண்டேயரை எட்டாவதாகச் சேர்த்து, இவர்களைத் தினமும் நினைக்கிறவர் நோயில்லாமல் நூறாண்டு வாழ்வார் என்று முடிகிறது. ஆயுஷ்ய ஹோமத்தில் கேட்டிருப்பீர்கள். இது காலையில் எழுந்து சொல்லும் நித்திய பாராயணச் சுலோகமாகப் புழங்குவது. ராமாயணத்திலோ மகாபாரதத்திலோ இப்படி ஏழு பேரை ஒன்றாக நிறுத்தி எண்ணும் இடம் கிடையாது. பட்டியலுக்கு வெளியேயும் நெடுங்காலம் வாழ்ந்தவர்கள் இருக்கிறார்கள். ராமருக்குச் சேதுவில் துணை நின்ற ஜாம்பவான்தான் அடுத்த யுகத்தில் சியமந்தக மணிக்காகக் கிருஷ்ணரோடு குகையில் மல்லுக்கு நின்றார்.

இப்போது அசுவத்தாமன். மகாபாரதத்தில் சௌப்திக பருவம் என்று ஒரு சின்ன பருவம், வெறும் 18 அத்தியாயம்தான். போர் முடிந்த இரவு, கௌரவர் பக்கம் மிஞ்சிய மூன்று பேர் ஓர் ஆலமரத்தடியில் ஒதுங்குகிறார்கள். கிருபரும் கிருதவர்மனும் அசந்து தூங்கிவிடுகிறார்கள், அசுவத்தாமனுக்குத் தூக்கம் வரவில்லை. மேலே கிளையில் காக்கைக் கூட்டம் உறங்குகிறது. ஓர் ஆந்தை சத்தமில்லாமல் வந்து இறங்கி, ஒவ்வொன்றாகக் கிழித்துப் போடுகிறது. அதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். அந்த இடத்தில்தான் அவனுக்கு யோசனை பிறக்கிறது. கிருபர், அவனுடைய தாய்மாமன், தூங்குகிறவனைக் கொல்வது தர்மம் இல்லை, விடியட்டும் என்று தடுத்துப் பார்க்கிறார். அவன் கேட்கவில்லை. கடைசியில் அவரும் கிருதவர்மனும் கூடவே போய்ப் பாண்டவர் பாசறை வாசலில் நிற்கிறார்கள். உள்ளே திருஷ்டத்யும்னன், சிகண்டி, திரௌபதியின் ஐந்து பிள்ளைகள் எல்லோரும் சாகிறார்கள். தப்பி வெளியே ஓடிவந்தவர்களை வாசலில் நின்ற இரண்டு பேரும் கொல்கிறார்கள். பாண்டவர்கள் துரத்தி வந்தபோது அவன் விட்ட அஸ்திரத்தைத் திரும்ப எடுக்கத் தெரியாமல் அபிமன்யுவின் மனைவி உத்தரையின் கருவின் மேல் செலுத்துகிறான். அதற்குத்தான் கிருஷ்ணரின் சாபம்.

சாபத்தின் வாசகம் முக்கியம். 'த்ரீணி வர்ஷஸஹஸ்ராணி சரிஷ்யஸி மஹீமிமாம்', மூவாயிரம் ஆண்டு இந்தப் பூமியில் அலைவாய். யாரோடும் எங்கேயும் ஒரு பேச்சுக்கூட உனக்குக் கிடைக்காது, மனிதர் நடுவில் உனக்கு இடமில்லை, சீழும் ரத்தமும் நாறும் உடம்போடு, எல்லா நோயோடும், ஆளில்லாத காட்டில் துணையில்லாமல் திரிவாய். புனேயின் பண்டார்கர் நிறுவனம் பல சுவடிகளை ஒப்பிட்டு 1966-இல் முடித்த ஆய்வுப் பதிப்பிலும் இது மூவாயிரம் ஆண்டுதான். 'கலியுகம் முடியும் வரை' என்பது பின்னால் மக்கள் வாயில் சேர்ந்தது. நம் பஞ்சாங்க மரபுப்படி கலி பிறந்தது கி.மு. 3102. தருமர் ஆண்ட 36 ஆண்டுகளைச் சேர்த்தால் போர் நடந்தது கி.மு. 3138 ஆகிறது. (வரலாற்று ஆய்வாளர்கள் இந்த ஆண்டை ஏற்பதில்லை, நான் மரபின் கணக்கை மரபுக்குள் வைத்தே போடுகிறேன்.) அப்படியானால் சாபத்தின் கெடு கி.மு. 138 வாக்கிலேயே முடிந்துவிட்டது. இல்லை, அவை தேவ வருடங்கள் என்று சிலர் சொல்வார்கள். ஒரு தேவ வருடம் நமக்கு 360 ஆண்டு, அப்போது 10,80,000 ஆண்டு ஆகும். கலியுகமே 4,32,000 ஆண்டுதான். எப்படிப் போட்டாலும் கலி முடிவோடு அது பொருந்தவில்லை. மூலத்தில் 'தேவ' என்ற சொல்லும் இல்லை.

நெற்றிப் புண்ணையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். மகாபாரதத்தில் அவன் பிறக்கும்போதே தலையில் இருந்த மணியைத் தானே எடுத்துக் கொடுக்கிறான், பீமன் அதைத் திரௌபதியிடம் கொண்டுவந்து தருகிறான், அவள் தருமரைச் சூடிக்கொள்ளச் சொல்கிறாள். அர்ஜுனன் வாளால் முடியோடு சேர்த்து மணியை அறுத்தெடுப்பது பாகவதத்தில் வருவது, ஆனால் அங்கே மூவாயிரம் ஆண்டுச் சாபம் இல்லை. ஒன்றில் சீழ், மற்றதில் அறுத்த தலை. இரண்டும் கதை சொல்கிறவர்கள் வாயில் கலந்துதான் ஆறாத நெற்றிப் புண் உருவாகியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். மத்தியப் பிரதேசத்தில் புர்ஹான்பூர் பக்கம் அசீர்கர் என்ற மலைக்கோட்டையில் ஒரு சிவன் கோயில் இருக்கிறது. விடிவதற்கு முன்னால் அசுவத்தாமன் வந்து பூ வைத்துவிட்டுப் போகிறான் என்பது அந்த வட்டாரத்து நம்பிக்கை. புண்ணுக்கு எண்ணெய் கேட்டான், மஞ்சள் கேட்டான் என்றும் கதைகள் உண்டு. அந்த மக்களின் நம்பிக்கையை மதிக்கிறேன். ஆனால் நூலை வைத்துக் கேட்டீர்களானால், சாபம் நடப்பில் இருக்கும்வரை அவனால் யாரிடமும் எண்ணெய் கேட்டிருக்க முடியாது. அந்தத் தண்டனையின் கொடுமையே பேச்சுத்துணை இல்லாததுதான், புண் அதற்கு அடுத்தது. மூவாயிரம் என்பது தண்டனைக்கு வைத்த கெடு, ஆயுளுக்கு வைத்த கெடு இல்லை என்பதையும் கவனியுங்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

மற்றவர்களில் என் மனதுக்கு நெருக்கமானவர் விபீஷணர். உத்தர காண்டத்தில் மூன்று சகோதரர்களும் தவம் செய்கிறார்கள். ராவணன் சாகாவரம் கேட்கிறான், முழுமையான சாகாவரம் கிடையாது, வேறு கேள் என்கிறார் பிரம்மா. கும்பகர்ணனுக்குத் தூக்கம் போய்ச் சேருகிறது. விபீஷணர் கேட்டது ஒன்றுதான்: எத்தனை பெரிய ஆபத்து வந்தாலும் என் புத்தி தர்மத்தில் நிற்கட்டும். அரக்கர் குலத்தில் பிறந்தும் புத்தி இப்படிப் போகிறதே என்று மகிழ்ந்து, கேட்காமலே 'அமரத்வம் ததாமி தே' என்று பிரம்மா கொடுத்துவிடுகிறார். அண்ணன் கேட்டு மறுக்கப்பட்ட அதே பொருள், கேட்காத தம்பி கைக்கு வருகிறது. ராமரும் பிரியும் நேரத்தில், சந்திர சூரியர் உள்ளவரை, பூமி உள்ளவரை, என் கதை உலகில் உள்ளவரை நீ ஆண்டுகொண்டிரு என்கிறார். உத்தர காண்டம் பின்னால் சேர்ந்தது என்று சொல்லும் ஆய்வாளர்கள் பலர், அதை மறைக்கவில்லை. ஆனால் விபீஷணர் நிலைத்திருக்கிறார் என்ற உணர்வு நம் பக்கத்தில் எவ்வளவு ஊறியிருக்கிறது என்பதற்கு ஸ்ரீரங்கமே சாட்சி. ராமர் தந்த ரங்கநாதர் கோயில் விமானத்தை அவர் இலங்கைக்குக் கொண்டுபோகும் வழியில் காவிரித் தீவில் வைக்க, அது அங்கேயே தங்கிவிட்டது. அவருக்காகவே பெருமாள் தெற்கே பார்த்துப் படுத்திருக்கிறார் என்பது தலபுராணம். தொண்டரடிப்பொடியாழ்வார் 'தென்திசை இலங்கை நோக்கி' என்று பாடியது அதைத்தான். இலங்கையிலும் களனி விகாரையில் விபீஷணருக்குத் தனிக் கோயில் உண்டு. சிங்கள பௌத்தர்கள் அவரைக் காவல் தெய்வமாக இன்றும் வணங்குகிறார்கள்.

அனுமனுக்கு இரண்டு வரங்கள் உண்டு. கிஷ்கிந்தா காண்டத்தில் ஜாம்பவான் அவருக்கு அவர் பிறப்பை நினைவூட்டும்போது, தான் விரும்பும்போதே மரணம் என்று இந்திரன் வரம் தந்ததைச் சொல்கிறார். பீஷ்மருக்குக் கிடைத்தது போல. உத்தர காண்டத்தில் அவரே ராமரிடம் கேட்டுக்கொள்வது வேறு: ராம கதை பூமியில் நடமாடும் வரை என் உயிர் உடலில் தங்கட்டும். தனக்கு ஆயுள் வேண்டும் என்று அவர் கேட்கவில்லை, கேட்கப்போகும் கதைக்காகக் கேட்கிறார். எங்கள் வீட்டில் பாட்டி சுந்தர காண்டம் பாராயணம் வைக்கும்போது, புத்தகத்துக்கு எதிரே கோலம் போட்டு ஒரு மணையைக் காலியாக வைப்பாள். பிள்ளைகள் யாரும் அதைத் தாண்டக்கூடாது. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் வெல்லமும் கடலையும் இருக்கும். பாட்டி படிக்கும்போது அடிக்கடி அந்த மணையை நிமிர்ந்து பார்த்துக்கொள்வாள், ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கும்போது நாம் அவர் முகத்தைப் பார்ப்போமே, அப்படி. ராமாயணம் படிக்கும் பல வீடுகளில் இந்த வழக்கம் உண்டு. 'எங்கே இருக்கிறார்' என்ற உங்கள் கேள்விக்கு அனுமன் விஷயத்தில் மரபு தரும் பதில் அந்த மணைதான்.

மகாபலி சுதலத்தில் இருக்கிறார், வாமனர் அவருக்கு வாசல் காக்கிறார் என்கிறது பாகவதம். ஓணத்துக்கு வந்து போகிறார் என்பது கேரளத்தின் நம்பிக்கை. பரசுராமர் பூமி முழுவதையும் காசியபருக்குத் தானம் கொடுத்துவிட்டு மகேந்திர மலைக்குப் போய்விட்டார் என்று இரண்டு இதிகாசமும் சொல்கின்றன. கிருபருக்கு மட்டும் வரம் கொடுத்த காட்சி என்று தனியாக எதுவும் இல்லை. தருமர் நாட்டைவிட்டுப் புறப்படும்போது பேரன் பரீட்சித்தைக் கிருபரிடம் சீடனாக ஒப்படைக்கிறார். எந்தக் குழந்தையைக் கருவிலேயே கொல்ல மருமகன் அஸ்திரம் விட்டானோ, அந்தக் குழந்தைக்கு வில் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவர் இவர். இந்த ஓர் இடத்துக்காகவே கிருபரை எனக்கு மறக்க முடியவில்லை.

இனி, கலி முடிந்தால் என்ன ஆவார்கள் என்பது. இங்கே புராணங்கள் தெளிவாக இருக்கின்றன, ஆனால் பெரும்பாலும் யாரும் இதுவரை வாசித்துப் போவதில்லை. வீட்டில் பூஜைக்குச் சங்கல்பம் செய்யும்போது 'வைவஸ்வத மன்வந்தரே அஷ்டாவிம்சதிதமே கலியுகே' என்று சொல்வார்கள் அல்லவா, நாம் இருப்பது ஏழாவது மனுவின் காலம், அதில் 28-ஆவது சதுர்யுகம் (நான்கு யுகமும் சேர்ந்த ஒரு சுற்று). ஒரு மனுவுக்கு 71 சதுர்யுகம், ஒரு சதுர்யுகம் 43,20,000 ஆண்டு. இந்த மன்வந்தரம் முடிய இன்னும் 18 கோடி ஆண்டுக்கு மேல் இருக்கிறது. அதற்கு அடுத்தது சாவர்ணி மன்வந்தரம். அதில் இந்திரன் யார் தெரியுமா? மகாபலி. சப்தரிஷிகள் யார்? தீப்திமான், காலவர், ரிஷ்யசிருங்கர், இவர்களோடு பரசுராமர், கிருபர், வியாசர், அசுவத்தாமன். ஏழு சிரஞ்சீவிகளில் ஐந்து பேருக்கு அடுத்த மன்வந்தரத்தில் பொறுப்பு காத்திருக்கிறது. மீதி இரண்டு பேர் அனுமனும் விபீஷணரும், அவர்கள் ஆயுள் ராமகதையோடு கட்டப்பட்டது என்று மேலே பார்த்தோம். (மாத்வ மரபில் வாயு அடுத்த பிரம்மா ஆகிறார், அனுமன் வாயுவின் அவதாரம் என்பதால் அவருக்கும் ஒரு பதவி உண்டு. அது அந்த மரபுக்கு உரிய கொள்கை.)

நான் சொல்ல வந்ததே இதுதான். இவர்கள் இருப்பது பரிசுக்காக இல்லை, வேலை பாக்கி இருப்பதால். இது நானாகச் சொல்வதும் இல்லை. வேதாந்தத்தின் அடிப்படை நூலான பிரம்ம சூத்திரத்தில் 'யாவததிகாரம் அவஸ்திதிர் ஆதிகாரிகாணாம்' என்று ஒரு சூத்திரம் இருக்கிறது. பொறுப்பு ஏற்றவர்கள் அந்தப் பொறுப்பு முடியும்வரை இருப்பார்கள். ஞானம் வந்தவுடன் முக்தி என்றால், ஞானிகளான ரிஷிகள் ஏன் மறுபடி உடம்பெடுத்தார்கள் என்ற கேள்விக்கு அங்கே பதில் வருகிறது. சங்கரர் அதற்கு உரை எழுதும்போது காட்டும் முதல் உதாரணம் வியாசரே: அபாந்தரதமஸ் என்ற பழைய ரிஷி விஷ்ணுவின் கட்டளைப்படி துவாபரமும் கலியும் சேரும் இடத்தில் கிருஷ்ண துவைபாயனராகப் பிறந்தார் என்கிறார். சூரியனையும் சொல்கிறார், ஆயிரம் யுகம் உலகுக்கு ஒளி தரும் வேலையை முடித்த பிறகு உதயமும் அஸ்தமனமும் இல்லாத நிலைக்குப் போகிறது என்று. அதனால் மோட்சத்தைவிடச் சிரஞ்சீவித்துவம் பெரியது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், இந்த மரபில் மோட்சம்தான் மேலே. சிரஞ்சீவிகள் அதற்கு முன்னால் கடமையில் நிற்கிறவர்கள். கலி முடிவுக்கென்று தனியாகவே இரண்டு பேர் காத்திருப்பதாகப் பாகவதம் சொல்கிறது: சந்தனுவின் அண்ணன் தேவாபி, இக்ஷ்வாகு வம்சத்து மரு. இரண்டு பேரும் கலாபம் என்ற ஊரில் யோகத்தில் இருக்கிறார்கள், அறுந்துபோன சந்திர வம்சத்தையும் சூரிய வம்சத்தையும் மறுபடி தொடங்க. பரசுராமர் கல்கிக்கு ஆயுதம் கற்றுக்கொடுப்பார் என்பது கல்கி புராணத்தில் வருவது. அது காலத்தால் பிந்திய உபபுராணம், மகாபாரதத்துக்குச் சமமாக வைத்துப் பேச மாட்டேன்.

மார்க்கண்டேயரைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணமும் எண்பதாம் கல்யாணமும் நடப்பது அவர் கதையால்தான், அது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் வன பருவத்தில் பாண்டவர்கள் அவரிடமே, உங்களைவிட மூத்தவர் உண்டா என்று கேட்கிறார்கள். அவர் கோபப்படாமல் உண்டு என்கிறார். இந்திரத்யும்னன் என்ற அரசன், பூமியில் தன் புகழை யாரும் நினைப்பதில்லை என்பதால் சொர்க்கத்திலிருந்து விழுந்துவிட்டான். என்னைத் தெரிகிறதா என்று மார்க்கண்டேயரைக் கேட்கிறான், தெரியவில்லை. இமயத்தில் ஓர் ஆந்தை, அவரைவிட மூத்தது, அதற்கும் தெரியவில்லை. ஏரியில் ஒரு நாரை, ஆந்தையைவிட மூத்தது, அதற்கும் தெரியவில்லை. அந்த ஏரியிலேயே அகூபாரன் என்ற ஆமை, எல்லோரையும்விட மூத்தது. கூப்பிட்டவுடன் மேலே வந்து, கண்ணீர் வடித்துக் கைகூப்பி, இவரைத் தெரியாமலா, இந்த ஏரியே இவர் தானம் கொடுத்த மாடுகளின் குளம்பு பட்டு உண்டானது என்கிறது. உடனே தேர் இறங்கி வந்து அரசனைச் சொர்க்கத்துக்கு அழைத்துப் போகிறது. ராம கதை உள்ளவரை என்று அனுமன் கேட்ட வரத்தோடு இதைச் சேர்த்துப் படியுங்கள்.

சித்தர்களின் சாகாக்கலை, காயகற்பம் பற்றியும் சிலர் இதோடு சேர்த்துக் கேட்பார்கள். அது உடம்பைச் சாதனையால் நிலைக்கச் செய்யும் வேறொரு வழி, வேறு நூல்கள். நான் முறையாகப் பயின்ற துறை இல்லை, இந்தப் பதிலில் கலக்க வேண்டாம்.

இப்போது உங்கள் கடைசி வரி. விஷ்ணு புராணத்தின் மூன்றாம் அம்சத்தில் (அம்சம் என்றால் பகுதி) வியாசர்களின் வரிசை வருகிறது. வியாசர் என்பது ஒருவர் பெயர் இல்லை, துவாபரம் தோறும் ஒருவர் வந்து வேதத்தை வகுக்கிறார், இதுவரை 28 பேர், கடைசியில் வந்தவர் கிருஷ்ண துவைபாயனர். அடுத்தவர் யார் என்று அந்த இடத்தில் சொல்பவர் பராசரர், துவைபாயனருடைய தகப்பனார். 'என் மகன் சென்ற பின், வரும் துவாபரத்தில் துரோணரின் மகன் வியாசன் ஆவான்' என்கிறார். இன்றைக்கு 34 லட்சம் ஆண்டுகளுக்கு அப்பால். தூங்கினவர்களைக் கொன்றவன், ஒரு சொல் பேச ஆளில்லாமல் மூவாயிரம் ஆண்டு திரியச் சபிக்கப்பட்டவன், அவன் கையில்தான் அடுத்த முறை வேதம் வரப்போகிறது. அவன் செய்ததை எந்த நூலும் மன்னித்து மழுப்பவில்லை, கிருஷ்ணர் அவனைப் பாபாத்மா என்றே அழைக்கிறார். தண்டனையும் முழுமையாகக் கிடைக்கிறது. ஆனால் தண்டனைக்குப் பிறகும் அவனுக்கு வேலை வைத்திருக்கிறார்கள்.

இதன் விதை சௌப்திக பருவத்திலேயே இருக்கிறது என்று எனக்குத் தோன்றும். சாபம் விழும்போது வியாசர் பக்கத்தில்தான் நிற்கிறார், கிருஷ்ணர் சொன்னது அப்படியே நடக்கும் என்று உறுதியும் சொல்கிறார். அதற்கு அசுவத்தாமன் கெஞ்சவில்லை, கிருஷ்ணரைத் திட்டவும் இல்லை. வியாசரைப் பார்த்து, "பிராமணரே, மனிதர்களுக்குள் உம்மோடுதான் நான் இருப்பேன், இவர் வாக்கு உண்மையாகட்டும்" என்கிறான். பிறகு மணியைக் கொடுத்துவிட்டுக் காட்டுக்குப் போகிறான். கும்பகோணம் பதிப்பின் தமிழ் மொழிபெயர்ப்பு கிடைத்தால் சௌப்திக பருவத்தைத் தொடக்கத்திலிருந்து வாசியுங்கள், ஒரே மாலையில் முடித்துவிடலாம். முடித்த அன்றைக்கே விஷ்ணு புராணத்தில் அந்த மூன்றாம் அம்சம் மூன்றாம் அத்தியாயத்தையும் எடுத்துப் பாருங்கள்.